மாற்றுவதற்கு முன் ஒரு பாயிண்ட்

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்கள் யாராவது உதவி கேட்டால், நான் முதலில் கேட்பது "ரீஸ்டோர் பாயிண்ட் போட்டு வைத்திருக்கிறீர்களா?" என்றுதான். "அப்படி என்றால்?" என்பதுதான் பெரும்பாலும் பதில். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

நம் ஊர்ப் பக்கத்தில் பட்டாவை வைத்துச் சொன்னால் உடனே புரிந்துவிடுகிறது. 1980களில் யு.டி.ஆர். வந்தபோது பட்டாக்கள் எல்லாம் புதிதாக எழுதப்பட்டன. உட்பிரிவு மாறியது, சில இடங்களில் பெயரே மாறி ஏறியது. இன்றைக்கும் அதைத் திருத்தச் சொல்லி டி.ஆர்.ஓ.வுக்கு மனு போடுகிறவர் முதலில் தேடி அலைவது யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டை. புதியது வந்துவிட்டதே என்று பழையதைக் கிழித்துப் போட்டிருந்தால் அவர் கையில் என்ன இருக்கும்?

விண்டோஸுக்குள்ளும் ரிஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறது. பெயருக்கேற்ற பதிவேடுதான். எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எந்த டிரைவர் எதற்கு என்பதெல்லாம் அதில்தான். புதிதாக எதைப் போட்டாலும் அதில் திருத்தம் நடக்கும். ரீஸ்டோர் பாயிண்ட் போட்டால், அன்றைய நிலையில் அந்தப் பதிவேட்டையும் முக்கியமான சிஸ்டம் கோப்புகளையும் அது தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு தகராறு வந்தால் அந்த நாளுக்குத் திரும்பிப் போகலாம். 2000இல் வந்த விண்டோஸ் மி பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. நான் பிரெஞ்சில் படித்தவன். பிரெஞ்சு விண்டோஸில் இதற்கு 'புவேன் த ரெஸ்தொராசியோன்' என்று பெயர். அந்த மொழியில் 'ரெஸ்தொராசியோன்' என்றால் சீர்படுத்துவது, ஓட்டல் தொழில் இரண்டும்தான். முதன்முதலில் அதைப் பார்த்தபோது சாப்பாட்டுக் கடை ஞாபகம்தான் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிஷிவந்தியத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவர் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த அம்மா போனில் பேசிப் பதிவு செய்தவை, கைப்பட எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டுகளை வாத்தியார் ஸ்கேன் எடுத்தவை, எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். வேறெங்கும் ஒரு காப்பி கிடையாது. தமிழில் டைப் செய்ய என்.எச்.எம். ரைட்டர் போட்டுத் தரச் சொன்னார். போனேன். போடுவதற்கு முன் ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு பழைய பிரிண்டர் கிடைத்ததென்று அதற்கு எங்கிருந்தோ ஒரு டிரைவரை இறக்கிப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து மெஷின் திறக்கவே இல்லை. நீலத் திரை, தானே அணைந்து தானே எழுவது, மறுபடி நீலத் திரை.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். திரும்பி வந்து எனக்குப் போன் செய்தார். "சார், ஃபார்மட் அடிக்கணும்னு சொல்றாங்க. அடிச்சா அவ குரல் இருக்குமா சார்?"

ஃபார்மட் அடித்தால் அந்த டிரைவில் ஒன்றும் மிஞ்சாது. கடைக்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் கோப்புகளைத் தனியே எடுத்து வைப்பார். ஆனால் அதைக் கேட்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "கடைக்குக் கொடுக்காதீங்க, நான் வர்றேன்" என்றேன்.

விண்டோஸ் இரண்டு மூன்று முறை எழ முடியாமல் விழுந்தால், பழுது பார்க்கும் திரை தானாகவே வரும். அதில் டிரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், பிறகு சிஸ்டம் ரீஸ்டோர். நான் போட்ட தேதி அதில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வாத்தியார் திரையைப் பார்க்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் இருக்கும். மெஷின் எழுந்தது. பிரிண்டர் டிரைவர் போய்விட்டது, பாயிண்டுக்குப் பிறகு போட்டதால் என்.எச்.எம். ரைட்டரும் கூடவே போய்விட்டது. டெஸ்க்டாப்பில் இருந்தவை இருந்தபடியே இருந்தன. ஒரு கோப்பைத் திறந்தார். ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு என்று அந்த அம்மா யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து கொஞ்ச நேரம் திண்ணைக்குப் போய்விட்டேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கீழே தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'ரீஸ்டோர் பாயிண்ட்' என்று அடியுங்கள். 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று வரும், அழுத்துங்கள். வரும் பெட்டியில் சி டிரைவுக்கு நேரே 'ஆன்' என்று இருக்கிறதா பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் 'ஆஃப்' என்றுதான் இருக்கும். எனக்கு இதில்தான் மைக்ரோசாஃப்ட் மேல் கோபம். 'ஆஃப்' என்றால் 'கான்ஃபிகர்' அழுத்தி ஆன் செய்யுங்கள். பிறகு 'கிரியேட்' அழுத்தி ஒரு பெயர் கொடுங்கள். தேதியும் நேரமும் அதுவே போட்டுக்கொள்ளும். இடம் நிறைந்தால் பழைய பாயிண்டுகள் தாமாகவே அழியும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு, அதிகபட்சம் 60 நாள்தான் வைத்திருக்கும். அதனால் போன வருஷம் போட்டது போதும் என்று இருக்க முடியாது. ரீஸ்டோர் ஓடும்போது நடுவில் கரண்ட் போகக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. இது உங்கள் போட்டோவையோ குரலையோ காப்பாற்றுகிற வசதி இல்லை. அவற்றை அது தொடுவதில்லை, அவ்வளவுதான். நீங்களே அழித்துவிட்டால் அதனால் மீட்டுத் தர முடியாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட, மைக்ரோசாஃப்ட் சில நாளில் அதை நிறுத்தி வைத்தது. அந்த மாதிரி நேரத்தில் ரீஸ்டோர் பாயிண்ட் இருந்தும் பிரயோஜனமில்லை. கோப்புகளுக்குத் தனி நகல்தான். அன்றைக்கே வாத்தியாரை இரண்டு பென் டிரைவ் வாங்க வைத்தேன். ஒன்று பீரோவில் இருக்கிறது, இன்னொன்று மகள் வீட்டில்.

அந்தப் பிரிண்டரை அவர் விடவில்லை. கம்பெனியின் சொந்த வலைத்தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கினோம். போடுவதற்கு முன் பாயிண்டுக்குப் பெயர் வைக்கச் சொன்னேன். மறுபடி போட்டிருந்த என்.எச்.எம். ரைட்டரில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, "பிரிண்டருக்கு முன், இரண்டாம் முறை" என்று அடித்தார்.