நிலத்துக்குத் தேய்மானம் இல்லையாம்!

காமர்ஸ் எடுத்தவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருவார்கள்: கட்டிடத்துக்குத் தேய்மானம் உண்டு, நிலத்துக்குக் கிடையாது. நானும் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான். போன மாதம் நண்பர்கள் ஐந்து பேர் தனுஷ்கோடி போய் வந்தோம். அதன் பிறகு அந்த வரியைப் பார்த்தாலே சிரிப்பு வருகிறது.

1964 டிசம்பர் 22 வரைக்கும் அது ஒரு ஊர். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சர்ச் எல்லாம் இருந்தன. தலைமன்னாருக்கு இங்கிருந்துதான் கப்பல். அன்று இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலை அலை அப்படியே வாரிக்கொண்டு போனது. அதில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ரயிலுக்கே இந்தக் கதி என்றால் ஓட்டு வீடு எம்மாத்திரம்? மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. இடிந்த சர்ச்சின் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பவளப்பாறைக் கல். கடல் கொடுத்த கல்லைக் கடலே திருப்பிக் கேட்டிருக்கிறது!

"அப்போ பாம்பன் பாலம்? அது மனுஷன் ஜெயிச்சதுதானே?" என்றான் கூட வந்த நண்பன். நியாயமான கேள்வி. 1914-ல் திறந்த பாலம். அதே புயல் அதன் கர்டர்களையும் கடலில் தள்ளியது. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். மீனவர்கள் கடலுக்குள் கிடந்த கர்டர்களைக் காட்டிக் கொடுத்தார்களாம். 2022 டிசம்பர் வரை அதில் ரயில் ஓடியது. 2025-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றுவிடும். கப்பல் வந்தால் பாலம் நடுவில் திறந்து வழிவிடும். அத்தனை வருஷம் அது நின்றது பலத்தால் மட்டுமல்ல, ஒதுங்கத் தெரிந்ததாலும்தான் என்று தோன்றியது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் அப்பா ஒரு பிளாட் பார்த்து வைத்திருக்கிறார். விலை சல்லிசு. பழைய கண்மாய்க்குள் வருகிற இடம். "பட்டா சுத்தமா இருக்குடா, நீ என்ன பயப்படுற?" என்கிறார். வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் அதில்தான் போகப் போகிறது.

"தண்ணி பட்டா பார்த்துட்டா வரும்ப்பா?" என்று கேட்டுவிட்டேன். முதல் முறையாக அப்பாவை எதிர்த்துப் பேசியது. அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கவும் போகவில்லை.

உங்கள் வீடு இருக்கிற இடத்தில் முன்னால் என்ன இருந்தது நண்பர்களே? தாத்தா பாட்டி இருந்தால் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.