ஒரு செம்பு, இரண்டு ஓட்டை

தமிழ்நாட்டில் மந்திரத்துக்கு முகவரி கேட்டால் பாதிப் பேர் கேரளா என்பார்கள், மீதிப் பேர் கொல்லிமலை என்பார்கள். மாத நாவல்களில், பேய்ப் படங்களில், பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சந்துச் சுவரில் ஒட்டியிருக்கும் வசிய நோட்டீசில், இப்போது யூடியூப் தம்ப்நெயிலில். எழுத்துரு மாறியிருக்கிறதே தவிர முகவரி மாறவில்லை.

என் அப்பா அந்த மலையில் ஒன்பது வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தார். நாங்கள் அடிவாரத்துப் பக்கம் குடியிருந்தோம். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். விடுமுறைகளில் என்னையும் கூட்டிப் போவார். நான் பார்த்த கொல்லிமலையில் மிளகுக் கொடி இருந்தது, பலா இருந்தது, அன்னாசி இருந்தது, சாமையும் ராகியும் விளைந்த சரிவுகள் இருந்தன. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் ஊர் தூங்கிவிடும். மந்திரம் வைக்க வேண்டுமென்றால் அதற்கு யாராவது முழித்திருக்க வேண்டுமே!

ஆனால் மலையில் இருக்கிற பிள்ளைகள் கீழே படிக்கப் போனால் கதை வேறு. அப்பாவிடம் படித்த ஒரு அண்ணன் சமவெளியில் ஒரு கல்லூரி விடுதியில் சேர்ந்தார். முதல் வாரமே அவர் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் காலியானது. 'டேய், அவன் கொல்லிமலைடா, எதையாவது வெச்சிடப் போறான்.' இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று வருஷமும் அந்தக் கட்டில் காலியாகவே கிடந்தது என்பதைக் கடைசியில் சொன்னார்.

இந்தப் பெயரை மலைக்காரர்கள் விற்று நான் பார்த்ததில்லை. விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் மோடி மஸ்தான் அதில் ஒருவர். தரையில் வட்டம் போடுவார். ஒரு முளையில் கீரி, மூடிய கூடைக்குள் பாம்பு. இரண்டுக்கும் சண்டை விடப் போவதாக அரை மணி நேரம் சொல்லிக்கொண்டே இருப்பார். 'யாரும் கையைக் கட்டாதீங்க, பாதியில போனா ரத்தம் கக்கிருவீங்க' என்பார். கட்டியிருந்த கைகள் எல்லாம் சட்டென்று பிரியும். நடுவில் மண்ணை எடுத்து விபூதி ஆக்குவார், வெறும் கிண்ணத்திலிருந்து பந்து எடுப்பார். பிறகு தாயத்து வரும். 'கொல்லிமலையில பன்னெண்டு வருஷம் இருந்து சித்தருகிட்ட வாங்கின வேரு.' சண்டை கடைசிவரை நடக்காது. தமிழ்நாடு முழுக்க மூன்று தலைமுறை அந்தச் சண்டைக்குக் காத்திருந்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

அந்தக் கிண்ணம் பந்து வித்தைக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு. செப்படி வித்தை. செப்பு என்றால் மூடியுள்ள சின்னக் கிண்ணம், சிமிழ். பெண் குழந்தைகள் வைத்து விளையாடும் சொப்புச் சாமானும் அதே செப்புதான். இன்றைக்கு அரசியல்வாதியைத் திட்டும்போது மட்டும்தான் அந்தச் சொல் வெளியே வருகிறது. கண்கட்டு வித்தையும் அப்படியே. வியக்கவைப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். ஏனென்றால் கீழே சந்தையில் மஸ்தான் செய்ததையும் மேலே பள்ளிக்கூடத்தில் அப்பா செய்ததையும் ஒரே சொல்லால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பாவும் வித்தை செய்வார். அவருடைய பெட்டி தகரத்தில் ஆனது. அதில் பட்டுத்துணிகள், சங்கிலி வளையங்கள், ஒரு பித்தளைச் செம்பு. எல்லாம் சென்னையில் ஒரு மேஜிக் கடையில் வாங்கியவை. எனக்குப் பன்னிரண்டு வயதில் அந்தக் கடைக்குக் கூட்டிப்போனார். மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான கடை. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் பெரியவர் ஒருவர். ஒரு பொருளைக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கமாட்டார். முதலில் செய்து காட்டுவார். நாம் வாயைப் பிளந்த பிறகு விலை சொல்வார். காசு கொடுத்த பிறகுதான் ரகசியம். ரகசியம் தெரிந்த நிமிஷம் எல்லோருக்கும் முகம் தொங்கிவிடும். இவ்வளவுதானா? மேஜிக் கடை என்பது உலகத்திலேயே வாங்கிய உடனே ஏமாற்றம் உத்தரவாதமாகக் கிடைக்கிற ஒரே கடை. ஆனாலும் அங்கே திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இருந்தார்கள். பாங்க் கிளார்க், ரயில்வேக்காரர், ஒரு பல் டாக்டர். யாரும் எதையும் வாங்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லா ஊரிலும் இந்தக் கடைகள் அப்படித்தான் இருந்திருக்கின்றன. நியூயார்க்கில் மார்ட்டின்கா கடையின் பின்னறையில்தான் 1902இல் அமெரிக்க மேஜிக் கலைஞர்கள் சங்கம் ஆரம்பமானது. அந்தக் கடையைக் கொஞ்ச காலம் ஹூடினியே வாங்கி நடத்தினார். லண்டனில் டேவன்போர்ட் குடும்பம் 1898இலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தியது. நம் ஊரில் கடைக்கு முன்னால் தெரு இருந்தது. சென்னை சென்ட்ரல் பக்கத்தில் 1900இல் திறந்து 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டை நினைவுகூர்கிற யாரைக் கேட்டாலும் பழைய புத்தகத்துக்கு அடுத்து மோடி மஸ்தானைத்தான் சொல்கிறார்கள்.

அதற்கும் முன்னால் போனால் சென்னைக்காரர்கள் உலக மேஜிக் சரித்திரத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் நிஜமாகவே காற்றில் உட்கார்ந்திருந்தார். ஆங்கிலேயர்கள் அவர் பெயரை 'ஷேஷால்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சேஷாசலமாகவோ சேஷய்யராகவோ இருக்கும் என்பது என் ஊகம். 1832இல் லண்டனின் சாட்டர்டே மேகசின் அவரைப் படத்தோடு போட்டது. ஒரு ஸ்டூல், அதில் செருகிய மூங்கில் தடி, அதன் மேல் சுருட்டிய மான்தோல். தோலின் மேல் ஒரு கை மட்டும் பட்டிருக்க, உடம்பு முழுக்க அந்தரத்தில், மடித்த காலோடு, ஜெபம் செய்துகொண்டிருப்பார். உடைக்குள் ஓடும் இரும்புச் சட்டம்தான் தாங்குகிறது என்று பிறகு விளக்கினார்கள். 1847இல் பாரிசில் ராபர்ட் ஊதேன் தன் மகனை ஒரு கோலின் மேல் படுக்கையாக மிதக்கவிட்டார். அப்போதுதான் ஈதர் மயக்க மருந்து புதிதாக வந்திருந்தது, அதனால்தான் பையன் மிதக்கிறான் என்றார். சென்னையில் ஜெபம், பாரிசில் ஈதர். உள்ளே ஓடிய யுக்தி ஒரே குடும்பம்.

இன்னொருவர் ராமசாமி. ராமோ சாமி என்று அங்கே பெயர். 1810களில் லண்டனுக்குப் போய், கத்தி விழுங்கி, பந்து வீசி, 1819இல் அமெரிக்கா வரைக்கும் போய்வந்தார். வில்லியம் ஹாஸ்லிட் என்ற கட்டுரையாளர் லண்டனில் இந்திய வித்தைக்காரர் ஒருவர் நான்கு பித்தளைப் பந்துகளைச் சுழற்றுவதைப் பார்த்துவிட்டு, நான் எழுதுகிற எதிலாவது இந்தச் சுத்தம் இருக்கிறதா என்று நொந்துபோய் ஒரு கட்டுரையே எழுதினார். 1821இல் புத்தகமாக வந்தது. (கட்டுரை எழுதுகிற யாரும் அதைப் படித்துவிட்டு அன்றைக்கு ஒரு வரியாவது எழுதினால் அவர் தைரியசாலி.) ராமசாமி 1850இல் லண்டனிலேயே இறந்தார். அடக்கம் செய்யக் காசில்லாமல் அவர் மனைவி பத்திரிகை மூலம் உதவி கேட்க வேண்டியிருந்தது.

இதற்குள் 'இந்தியா' என்ற பெயர் மட்டும் தனியாகக் கழன்று ஓட ஆரம்பித்துவிட்டது. பர்மாவின் ஆவா நகரத்துப் பக்கிரி என்று அமெரிக்காவைக் கலக்கியவர் ஐசையா ஹியூஸ் என்ற ஆங்கிலேயர். 1849இல் சார்லஸ் டிக்கன்ஸ் முகத்திலும் கையிலும் கறுப்பு பூசிக்கொண்டு 'ரியா ராமா ரூஸ்' என்று பெயர் வைத்து நண்பர்களுக்கு மேஜிக் காட்டினார். உச்சம், கயிற்று வித்தை. கயிறு மேலே போய் நிற்கும், பையன் ஏறி மறைந்துவிடுவான். 1890 ஆகஸ்டில் சிகாகோ ட்ரிப்யூன் இதை நேரில் பார்த்த செய்தியாக வெளியிட்டது. எழுதியவர் பெயர் எல்மோர். நாலு மாதம் கழித்து, எல்மோர் என்று ஆளே இல்லை, எல்லாம் சும்மா என்று அதே பத்திரிகை சொன்னது. எழுதிய ஜான் வில்கி பிற்காலத்தில் அமெரிக்க ரகசிய சேவையின் தலைவரானார். மறுப்பு யார் கண்ணிலும் படவில்லை. 1934இல் லண்டன் மேஜிக் சர்க்கிள் அந்த வித்தையைத் திறந்தவெளியில் செய்துகாட்டுபவருக்கு 500 கினி பரிசு அறிவித்தது. ஒருவரும் வாங்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அந்தக் காலிக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. நாமக்கல்லும் சேலமும் கொல்லிமலையை என்ன செய்தனவோ, அதைத்தான் லண்டன் மொத்த இந்தியாவையும் செய்திருக்கிறது. தனக்குப் புரியாததை எல்லாம் போட்டுவைக்க, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயரத்தில், போய்ப் பார்த்துச் சரிபார்க்க முடியாத தூரத்தில் ஓர் இடம் வேண்டும். சங்கப் பாட்டுக்காரர்களே அந்த மலையில் ஒரு பாவையை வைத்தவர்கள்தான். காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் உருக்குலையாத, தெய்வம் செய்த கொல்லிப்பாவை. நற்றிணையில் இருக்கிறது. அது சிரித்தே ஆளைக் கொல்லும் என்பது பிற்பாடு சேர்ந்த கதை. இன்றைக்கு எட்டுக்கை அம்மன் கோயிலை அதோடு இணைத்துச் சொல்கிறார்கள். பழைய பாட்டுகளில் அந்தப் பாவை பெரும்பாலும் ஒரு பெண்ணின் அழகுக்கு உவமை, அவ்வளவுதான். பயம் கீழே இருந்தவர்கள் சேர்த்தது.

பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு என்ன செய்யலாம்? பி.சி. சர்க்கார் அதை எடுத்து உடுத்திக்கொண்டார். தலைப்பாகை, சரிகை, மகாராஜா வேஷம். 1956 ஏப்ரலில் பிபிசி பனோரமாவில் ஒரு பெண்ணை ரம்பத்தால் அறுத்தார். அவளை எழுப்ப முயன்றார், எழவில்லை, நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது. செத்துவிட்டாளா என்று கேட்டு பிபிசியின் தொலைபேசிகள் அலறின. லண்டன் காட்சிகளுக்கு டிக்கெட் தீர்ந்தது. நீ எனக்கு ஒட்டிய லேபிளை உனக்கே விற்கிறேன், எடு காசை. எனக்கு இதில் ஒரு குரூர சந்தோஷம் உண்டு.

சர்க்கார் காட்சிக்கு நடுநடுவே ஒரு செம்பைக் கவிழ்ப்பார். காலியாகும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கவிழ்த்தால் தண்ணீர் வரும். 'இந்தியாவின் தண்ணீர்' என்று அதற்குப் பெயர். அப்பாவின் தகரப் பெட்டியில் இருந்த பித்தளைச் செம்பும் அதுதான். அவர் அதை ஏழாம் வகுப்பில் காற்றழுத்தம் நடத்தும்போது எடுப்பார். முதலில் நாலு தடவை காலி செய்து காட்டுவார். பிள்ளைகள் கத்தி முடித்ததும் செம்பைக் கையில் கொடுத்துவிடுவார். செம்புக்குள் இன்னொரு செம்பு. இரண்டுக்கும் நடுவில் ஒளிந்த தண்ணீர். உள்ளே அடியில் ஓர் ஓட்டை, வெளியே கழுத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. கழுத்து ஓட்டையைக் கட்டைவிரலால் மூடினால் தண்ணீர் நகராது, விரலை எடுத்தால் காற்று நுழையும், தண்ணீர் இறங்கும்.

கடைக்காரப் பெரியவருக்கு இது தெரிந்தபோது வருத்தப்பட்டார். 'சார், நீங்க வெளிய சொன்னா எங்க தொழில் போயிரும்.' அப்பா, 'நான் சொல்லலீன்னா அவங்க தாயத்து வாங்குவாங்க' என்றார். அப்பாவுக்கு இதில் முன்னோடிகள் இருந்தார்கள். கோவை போத்தனூரிலிருந்து பி. பிரேமானந்த் ஊர் ஊராகப் போய், சாமியார்கள் செய்கிற அற்புதங்களைச் செய்து காட்டி, அப்புறம் எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 2009இல் இறக்கும்வரை அதுதான் வேலை. அறிவியல் இயக்கத்தின் 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சிகளும் அதே வழி. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஏன் சிவக்கிறது, எரிகிற கற்பூரத்தை நாக்கில் வைத்தால் ஏன் உடனே சுடுவதில்லை. ஓப்பன் சோர்ஸில் ஊறிய எனக்குப் பெரியவர் பக்கம் நிற்பது கஷ்டம். ஆனால் நிறுவனம் நிறுவனமாக மாறிய பிறகு ஒன்று தெரிகிறது: மூலநிரலைக் கையில் கொடுத்தாலும் பத்தில் ஒன்பது பேரால் அதை ஓடவைக்க முடியாது. அந்தச் செம்பை என்னால் இன்றுவரை, விரல் அசைவது தெரியாமல் கவிழ்க்க முடிந்ததில்லை. பெரியவர் பயந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒருமுறை செம்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த பையன் கேட்டான்: "சார், எங்க தாத்தா பச்சிலை குடுப்பாரு. அதுலயும் ஓட்டை இருக்குங்களா?"

வகுப்பு சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அவர் சட்டென்று பதில் சொல்லாமல் நின்ற ஒரே தருணம் அதுதான். ஆமாம் என்றால் கீழே உள்ளவர்கள் சொல்வதற்குக் கையெழுத்துப் போட்டது மாதிரி. இல்லை என்றால் செம்பைக் கையில் கொடுத்ததற்கே அர்த்தமில்லை. "பார்த்துட்டு வந்து சொல்லுடா" என்றார்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. போன மே மாதம் மலைக்குப் போனபோது அந்தப் பையனைப் பார்த்தேன். என் வயதுதான், முன்னந்தலை வழுக்கை. அருவிக்குப் போகும் வழியில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கடை. கூட்டம் இல்லாத நாளில் ஜீப் ஓட்டுகிறார். சித்தர் குகை கேட்டு வரும் யூடியூப் பையன்களைக் கூட்டிப்போகிறார். அவர்கள் கேமராவை நீட்டினால் குரலைத் தாழ்த்தி, 'அமாவாசைக்கு மேல இந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க' என்கிறாராம். அமாவாசைக்கு அவர் அந்தப் பக்கம்தான் மிளகு காயப்போடுகிறார்.

"ஏன்ணா இப்படி?" என்றேன்.

"அவுங்க பெட்ரோல் போட்டு அதுக்குத்தான வர்றாங்க. நெல்லு விளையுதுன்னு காட்டுனா திருப்பிருவாங்க வண்டிய."

சூப் காசு வாங்க மறுத்தார். தாத்தாவின் பச்சிலை என்னாயிற்று என்று கேட்டேன். சார் சொன்னது ஞாபகம் இருக்கா என்றும். சிரித்தார். "பாத்தேன்ணா. சிலதுல இருக்கு. சிலதுல இல்ல. வயித்துக்கடுப்புக்குக் குடுக்கறது ஒண்ணு, இன்னைக்கும் நாங்க அதத்தான் குடிக்கறோம்."

பிறகு அவரே கேட்டார், அந்தச் செம்பு இன்னும் இருக்கிறதா, பெண் ஏழாவது போகப் போகிறாள் என்று. இருக்கிறது, ஆனால் பல வருஷமாகப் பரணில் கிடந்து கழுத்து ஓட்டை பாசம் பிடித்து அடைத்துவிட்டது, தண்ணீர் வருவதில்லை என்றேன்.

"ஊசி வெச்சுக் குத்துனாப் போதும்ணா. நீங்க குடுத்து விடுங்க, நான் பாத்துக்கறேன்."