கருங்கம்பளி: சில குறிப்புகள்

தக்காணப் பீடபூமியின் தக்காணி ஆட்டு ரோமத்தை மென்மையான மெரினோவோடு ஒப்பிட்டுக் குறை சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. இது கழுத்தில் சுற்றிக்கொள்ளும் சரக்கே அல்ல. குத்தும். தறியிலிருந்து இறங்கிய புதுக் கம்பளி விறைத்துக்கொண்டு நிற்கும். சில வருடம் மழையிலும் வெயிலிலும் அடிபட்ட பிறகுதான் உடம்புக்கு வளைந்து கொடுக்கும். இந்த ஆட்டை மேய்ப்பவர்கள் கர்நாடகத்தில் குருபர், தெலங்கானாவில் குருமர், மகாராஷ்டிரத்தில் தங்கர். மூன்று மொழி, ஆனால் ஆடு ஒன்று, கம்பளியும் ஏறக்குறைய ஒன்று.

*

ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிப்பு. ஆடுகளை ஏரியிலோ ஓடையிலோ இறக்கிக் குளிப்பாட்டி, காயவிட்டு, கால்களைக் கட்டிப் படுக்கவைத்து வெட்டுவார்கள். ஒரு ஆட்டில் ஒரு வெட்டுக்கு அரைக் கிலோகூடத் தேறாது. ஆகவே ஒரு கம்பளி என்பது பல ஆடுகளின் கூட்டு முதலீடு. குட்டியின் முதல் வெட்டுக்குத் தனி மதிப்பு, அவ்வளவு மென்மை.

சாயம் கிடையாது. ஆட்டின் நிறம்தான் கம்பளியின் நிறம்: கருப்பு, பழுப்பு, சாம்பல், கொஞ்சம் வெள்ளை. கருப்பு ஆட்டிலும் வெயில் பட்ட ரோம நுனி செம்பட்டையாகிவிடும். அட்டக்கருப்புக் கம்பளி வேண்டுமென்றால் உட்கார்ந்து கையால் பிரித்தெடுக்க வேண்டும்.

சோப்புப் போட்டு அலசுவதில்லை என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரோமத்தில் இயல்பாக இருக்கும் கொழுப்பு அப்படியே தங்கிவிடும். நூற்பவரின் விரல்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு மினுங்கும், ஆட்டுக்கிடை வாசனை வீடு முழுக்க நிற்கும். ஆனால் அந்தக் கம்பளியையே கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் நின்றால் நீர் உருண்டு ஓடும்.

*

நூற்பு பெண்கள் வேலை. முதலில் நெருஞ்சி முள், ஒட்டுப்புல், காய்ந்த புழுக்கை எல்லாவற்றையும் பொறுக்கியாக வேண்டும். பிறகு வில்லின் நாணால் அடித்துப் பிரிப்பது, அதன் பிறகு ராட்டை. ஆட்டு ரோமத்தின் மேல்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால் குறைந்த முறுக்கிலேயே நூல் நிற்கும். பருத்தி அப்படி விட்டுக்கொடுக்காது.

கூலி எடைக்கணக்கில். நாளெல்லாம் ராட்டை சுற்றினாலும் கூலிவேலைக்குப் போனால் கிடைப்பது இதில் கிடைக்காது. மகள் ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்பதற்கு முன் இந்தக் கூலி ஏன் என்று கேட்க வேண்டும்.

*

புளியங்கொட்டை. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

கம்பளி நூலில் பாவு போட்டால் இழைக்கு இழை ரோமம் சிலிர்த்துக்கொண்டு பக்கத்து இழையோடு பின்னிக்கொள்ளும். அந்த நிலையில் தறியில் ஏற்றினால் நாலு மிதிக்குள் அறுந்துவிடும். அதற்குத்தான் கஞ்சி. புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, அரைத்து, கொழகொழவென்று காய்ச்சுவார்கள். தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, இந்தப் பசையைத் தடவி, பெரிய தூரிகையால் ஒரே போக்காகச் சீவிக்கொண்டே போக வேண்டும். பசை காய்வதற்குள் ஒட்டிய இழைகளை விரலால் பிரித்துவிட வேண்டும். வெயில் குறைந்தால் காயாது; கூடினால் சீவுவதற்குள் இறுகிவிடும். மழைக்காலத்தில் பல வீடுகளில் தறி சும்மா இருப்பதற்கு இதுதான் காரணம். புதுக் கம்பளியின் விறைப்பில் பாதி இந்தக் கொட்டையின் உபயம்.

சணல் ஆலைகளும் இதே புளியங்கொட்டைப் பொடியைத்தான் கஞ்சிக்கு வாங்குகின்றன. நாம் புளியைக் கரைத்துவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போடுகிறோம்.

*

குருபர்களின் தெய்வமான பீரப்பன் கோயில்களில் கம்பளியும் மஞ்சள்பொடியும் இல்லாமல் எதுவும் நடக்காது. கர்நாடகத்தின் விஜயநகர மாவட்டத்து மைலாரத்தில் ஆண்டுதோறும் கருங்கம்பளி உடுத்த கொரவய்யா என்ற பக்தர் உயரமான வில்லில் ஏறி ஒரே ஒரு வரி ஆரூடம் சொல்வார். அந்த ஒரு வரிக்கு மழை, விளைச்சல், ஆட்சி என்று ஊர் ஊராகப் பொருள் பிரிப்பார்கள். குருபர் குலத்துக் கவி கனகதாசரின் சிலைகளின் தோளிலும் கம்பளி. தேர்தல் மேடைகளில் தலைவர்களுக்கும் போர்த்துகிறார்கள். அது எந்த ஊர்த் தறியில் நெய்தது என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

*

கம்பளி அழிகிறது என்றதும் நெசவாளருக்குப் பயிற்சி, கண்காட்சி, புது வடிவமைப்பு என்று கிளம்பிவிடுகிறார்கள். கைப்பையும் மடிக்கணினி உறையும் செய்யட்டும், தப்பில்லை. ஆனால் கம்பளி தறியில் சாகவில்லை, கிடையில் சாகிறது.

2017-இல் தெலங்கானா அரசு, ஆடு வளர்ப்போருக்கு 75 விழுக்காடு மானியத்தில் 20 பெட்டை, ஒரு கிடா என்று கொடுக்கத் தொடங்கியது. பெரிய திட்டம், நல்ல நோக்கம். வெளிமாநிலங்களிலிருந்து வாங்கி வந்தவற்றில் பெரும்பாலும் நெல்லூர் வகை; கறிக்கான ஆடு, கத்தரிக்க ரோமமே கிடையாது. அதன் கிடா கறுப்பு ஆட்டு மந்தையில் புகுந்தால் சில தலைமுறையில் ரோமம் போய்விடும். மேய்ப்பவரைக் குறை சொல்ல முடியுமா? கறிக்கு விலை இருக்கிறது. ரோமத்துக்கோ, பல இடங்களில் கத்தரிக்கும் கூலிகூடத் தேறாமல் அதை அப்படியே காட்டில் கொட்டிவிட்டு வருகிறார்கள். பானிபட்டில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து நூலாக்கி நெய்த மலிவுப் போர்வைகள் எப்போதோ சந்தையைப் பிடித்துவிட்டன.

மேய்ச்சல் நிலம் இன்னொரு கதை. கர்நாடகத்தில் கம்பளிக்குப் பேர்போன செல்லக்கெரே பக்கம் 2010 வாக்கில் சுமார் 10,000 ஏக்கர் அமிர்தமகால் எனப்படும் மேய்ச்சல் புல்வெளி பாதுகாப்பு, அணு, விண்வெளி ஆய்வு நிறுவனங்களுக்குப் போனது. வரைபடத்தில் அது தரிசு. ஆட்டுக்கு அதுதான் சோறு.

*

நம் பக்கமும் ஒன்றும் குறைவில்லை. கோவை வட்டாரக் குறும்பாடும் ரோம ஆடுதான், முரட்டு ரோமம். 19-ஆம் நூற்றாண்டில் அதோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவானது நீலகிரி ஆடு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பாதுகாக்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

*

வாங்குகிறவர்களுக்கு: கைக்கம்பளி என்று விற்பதில் அக்ரிலிக் கலந்தது நிறைய. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். ரோமம் என்றால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும், தீ தானாக அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும். கடைக்காரர் தீப்பெட்டியைப் பார்த்ததும் பதறினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம்.