இரண்டு பக்கமும் டேலி ஆகணும்!

மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் பெட்டி மாட்டப் போகிறேன் என்று நான் அறிவித்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி: “எதுக்கு, ஐஸ் விக்கப் போறீங்களா?”

இந்த மாதிரி ஊக்கம் கொடுக்கும் குடும்பம் எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்!

விஷயம் இதுதான். 2016-ல் வந்ததே, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், அந்த 411 சிசி வண்டியைப் போன வருஷம் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். வாங்கியதிலிருந்து மெயின் கவலை, துணிமணியை எதில் வைப்பது என்பதுதான். முதுகில் பை மாட்டினால் நூறு கிலோ மீட்டரில் தோள்பட்டை தனியாகக் கழன்று வருகிறது. சீட்டில் கயிறு போட்டுக் கட்டினால் மழையில் நனைந்து, ஊர் போய்ச் சேரும்போது பேன்ட், சட்டை எல்லாம் ஊறப்போட்ட அரிசி மாதிரி இருக்கிறது. அலுமினியப் பெட்டி என்றால் பூட்டிவிட்டு நிம்மதியாக டீ குடிக்கலாம். கடையில் ரெடிமேடாக விற்பதன் விலையைக் கேட்டேன். பி.காம். படித்தவனுக்கு உடனே நெஞ்சு படபடத்தது. “நாமளே செய்துக்குவோம், பாதி விலையில் முடியும்” என்று தீர்மானித்தேன். (பாதி விலையில் முடிவதாகச் சொல்லப்படும் எந்த வேலையும் ஒன்றரை விலையில்தான் முடியும் என்பதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தருவதில்லை.)

சேலத்தில் பட்டறைக்கா பஞ்சம்? கிரில் கேட் செய்யும் ஒருவரிடம் இரும்புப் பைப்பில் ஸ்டாண்டு. ஆர்கான் வெல்டிங் தெரிந்த இன்னொருவரிடம் 2 எம்.எம். அலுமினியத் தகட்டில் பெட்டி. நீளம் 45 சென்டிமீட்டர், உயரம் 38, அகலம் 24. கணக்குப் போட்டால் ஒரு பெட்டிக்கு 41 லிட்டர் இடம். நாலு நாள் சம்சாரத்தையே உள்ளே வைக்கலாம். (சம்சாரம் என்றால் குடும்பச் சாமான்கள். மனைவி இதைப் படிப்பாள்.)

பத்து நாளில் வேலை முடிந்தது. மாட்டிக்கொண்டு ராஜா மாதிரி வீட்டுக்கு வந்தேன். வாசல் கேட்டுக்குள் நுழைத்தேன். “டங்!”

வண்டி உள்ளே போகவில்லை.

டேப்பை எடுத்து வந்து அளந்தால் கேட் மூன்று அடி, அதாவது 91 சென்டிமீட்டர். வண்டி, பெட்டியோடு சேர்த்து 95. பெட்டியை அளந்தேன், வண்டியை அளந்தேன், வீட்டை அளக்கவில்லை! பின்னால் தள்ளும்போது பெட்டியின் மூலை என் கெண்டைக்காலில் இடித்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். பெட்டி மாட்டிய வண்டியில் காலைத் தரையில் ஊன்றித் தத்தித் தத்தி நகர்த்தவே கூடாது. மணலிலோ சேற்றிலோ கால் பின்னால் மாட்டினால் எலும்பே போய்விடும்.

இந்தக் காட்சியை வராந்தாவில் ஈஸிசேரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் அம்மா போனதிலிருந்து அவருக்கு ஈஸிசேர்தான் ஊர், பேப்பர்தான் உறவு. சாப்பிட்டாயா என்றால் “ம்”. டாக்டரிடம் போகலாமா என்றால் “ம்ஹும்”. எழுபது வயதில் இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு முழு வாக்கியம் பேசினார்.

“ஹேண்டில்பாரை விட அகலமாப் போனா, முன்னால நுழையறது பின்னால நுழையாதுடா.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாக்கியத்தின் நீளத்தைக் கேட்டுத்தான். அப்புறம்தான் அதன் அர்த்தமே உறைத்தது. ஹேண்டில்பார் 84 சென்டிமீட்டர். சந்தில் நுழையும்போது நம் கண் அளப்பது ஹேண்டில்பாரைத்தான். அது போய்விட்டால் மிச்சமும் போய்விடும் என்று நம்பி முறுக்குவோம்.

தப்பு எங்கே என்று பார்த்தால், சைலன்ஸரில். இந்த வண்டிக்குச் சைலன்ஸர் வலது பக்கம் மேல்நோக்கி வளைந்து போகும். அதற்கு இடம் விட்டு ஸ்டாண்டு அடித்ததால் வலது பெட்டி மட்டும் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி தள்ளி நின்றது. மறுநாள் பட்டறைக்குக் கிளம்பினேன். “இரு, நானும் வர்றேன்” என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். என் மனைவி கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி தவிர வேறெதற்கும் அவர் படி இறங்கி இரண்டு வருஷமாகியிருந்தது.

பட்டறையில் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாக்பீஸால் கோடு போட்டார். வலது பெட்டியின் உள்பக்கம் சைலன்ஸர் இருக்கிற இடத்தில் பள்ளம் வெட்டி, பெட்டியை 7 சென்டிமீட்டர் உள்ளே தள்ளுவது. அகலத்தையும் 24-லிருந்து 20 ஆகக் குறைப்பது. சைலன்ஸருக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியும் ஒரு தகட்டு மறைப்பும். ஆக மொத்தம் 95-ல் 11 போனால் 84. ஹேண்டில்பாருக்குச் சரி!

“பெரியவர் மெக்கானிக்குங்களா?” என்று கேட்டார் பட்டறைக்காரர்.

“இல்லீங்க, ஜவுளி” என்றார் அப்பா.

நிற்க. இப்போது புதுச் சிக்கல். இடது பெட்டி 41 லிட்டர், வலது பெட்டி முப்பது லிட்டர்தான். சின்னப் பெட்டிதானே என்று அதில் டூல்ஸ், பஞ்சர் கிட், இரண்டு பாட்டில் தண்ணீர், செயின் ஆயில் எல்லாவற்றையும் போட்டேன். பெரிய பெட்டியில் துணிமணி. ஏற்காடு அடிவாரம் வரை ஒரு வெள்ளோட்டம். டீக்கடை முன்னால் சைடு ஸ்டாண்டு போட்டுவிட்டு இரண்டு அடி வைத்தேன். பின்னால் “தொம்!”

ஸ்டாண்டு இருப்பது இடது பக்கம். வண்டியோ வலது பக்கம் சாய்ந்து படுத்திருந்தது! டீக்கடையே எழுந்து வந்து தூக்கிவிட்டது. “உள்ளாற என்னங்ணா, கல்லா?” என்றார் ஒருவர்.

வீட்டில் வந்து சொன்னால் அப்பா சிரித்தார். பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். ஆனால் ஸ்டாண்டின் நீளம் மாறாதல்லவா? அதனால் வண்டி வழக்கத்தைவிட நிமிர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் வலது பக்கமும் கனமாக இருந்தால் ஒரு காற்றடித்தாலே போதும். பின்னால் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கிவிட வேண்டும். பெட்டி மாட்டும்போது முதலில் இடது, கழற்றும்போது முதலில் வலது. இதெல்லாம் அப்பா சொன்ன சாஸ்திரம்.

“நீ இடத்தைப் பாத்து அடுக்கற. எடையைப் பாத்து அடுக்கு. பி.காம்.தானே படிச்ச? ரெண்டு பக்கமும் டேலி ஆகவேண்டாமா?”

இரட்டைப் பதிவு முறையை மூன்று வருஷம் படித்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா!

மறுநாள் பழைய பேப்பர்காரரிடம் ஸ்பிரிங் தராசு இரவல் வாங்கி வந்துவிட்டார். பெட்டிகள் காலியாகவே ஆளுக்கு 5 கிலோவை நெருங்கின. ஒரு பனியன்கூட வைப்பதற்கு முன்னாலேயே, ஸ்டாண்டையும் சேர்த்து வண்டி பதினைந்து கிலோ பெருத்துவிட்டது என்ற உண்மை அப்போதுதான் தெரிந்தது. பெட்டிக்குள் பத்து கிலோவுக்கு மேல் கூடாது என்று ஒரு சட்டம் போட்டோம். கனமானது அடியில், வண்டியை ஒட்டி, முன்பக்கமாக. பாரம் பின் சக்கரத்தைத் தாண்டிப் பின்னால் போகப் போக முன் சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் பாம்பு மாதிரி நெளியும். பெட்டி மேல் பெட்டி அடுக்கி டில்லிக்குப் போகிறவர்கள் கவனிக்க.

இன்னும் இரண்டு பாடங்கள். ஒன்று, அலுமினியத்தில் சாமான்கள் உரசினால் கறுப்பாக ஒரு பொடி வரும். என் ஆறு வெள்ளைப் பனியன்களும் மேகமூட்டத்துக்கு மாறின. ரெக்ஸினில் பெட்டி அளவுக்கு ஒரு உள்பை தைத்ததும் தீர்ந்தது. பெட்டியைக் கழற்றாமல் பையை மட்டும் உருவிக்கொண்டு லாட்ஜுக்குள் போகலாம் என்பது உபரி லாபம். இரண்டு, நட்டு கழன்று ஓடுவது. சாதா நட்டு அதிர்வில் தானே சுற்றிக் கழன்றுவிடும். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டாகப் போட்டு, போல்ட்டின் மேலும் நட்டின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு வரைந்துவிட வேண்டும். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். கோடு வரைய என் மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷ் பிரமாதமாக உதவியது. அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்திருக்கும்.

எல்லாம் முடிந்த அன்று ராத்திரி கேட்டேன், “ஜவுளிக்காரருக்கு இவ்வளவும் எப்படிப்பா தெரியும்?”

அப்பா ஒரு ஜவுளிக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் சாம்பிள் காட்டி ஆர்டர் பிடித்தவர். புல்லட்டின் பின் சீட்டில் பெரிய டிரங்குப் பெட்டி, அதை இறுக்கக் கிழிந்த சைக்கிள் டியூப். என் சின்ன வயசு ஞாபகத்தில் அந்தப் பெட்டி இல்லாத அப்பாவே கிடையாது.

“1997-ல, தீபாவளிக்கு முன்னால, கொல்லிமலை இறங்கறேன். டியூப் அறுந்துது. பெட்டி உருண்டு பள்ளத்துல. அத்தனை சாம்பிளும் போச்சு. கம்பெனியில நாலு மாசம் சம்பளத்துல புடிச்சாங்க. அப்புறம் அந்த மலைக்கே நான் போகலை.”

நான் பேசவில்லை. 1997 தீபாவளி எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. எட்டு வயது. புதுச் சட்டை கிடையாது. ஊருக்கெல்லாம் துணி காட்டுகிற மனுஷன் வீட்டில் புதுத் துணி இல்லை என்று மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் காரணம் சொல்லவே இல்லை. அப்புறம் அந்த புல்லட்டை விற்றுத்தான் என்னைக் காலேஜில் சேர்த்தார். இப்போது சேர்த்து எழுதிப் பார்த்தால் என் பக்கம் பற்று நிறைய இருக்கிறது. வரவு வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

“ஞாயித்துக்கிழமை கொல்லிமலை போலாமாப்பா?” என்றேன்.

“ம்” என்றார்.

அப்பாவுக்கு வயசு 70. கொல்லிமலையில் கொண்டை ஊசி வளைவும் எழுபது! டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஆளுக்கொரு ஹெல்மெட்டோடு கிளம்பினோம். ராசிபுரம், பேளுக்குறிச்சி, காரவள்ளி. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் போட்ட பலகை. அப்பா எண்ணிக்கொண்டே வந்தார். இரண்டு பக்கமும் பெட்டி இருந்ததால் அவருக்குக் கை வைக்க இடம். ஈஸிசேர் மாதிரியே உட்கார்ந்திருந்தார். வளைவில் வண்டி இழுக்கவில்லை, நெளியவில்லை. பாதி மலையில், “நிறுத்து” என்றார்.

இறங்கிப் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். மரமும் புதரும்தான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அதுல ஒரு மயில் கழுத்துக் கலர் சேலை இருந்துது. உங்கம்மாவுக்குன்னு நெனச்சிருந்தேன்” என்றார். அவ்வளவுதான். வந்து ஏறிக்கொண்டார்.

சோளக்காடு சந்தையில் மலை வாழையும் மிளகும் வாங்கினோம். இரவல் தராசை மறக்காமல் கொண்டு வந்திருந்தார். சந்தையில் எல்லோரும் வேடிக்கை பார்க்க, பெட்டிச் சாமானை நிறுத்து மாற்றி மாற்றி அடுக்கினார். “எட்டரை... எட்டரை. டேலி!” இரண்டு வருஷம் கழித்து அவர் சிரித்ததை ஒரு வாழைக்காய்க்காரர்தான் முதலில் பார்த்தார், நான் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தேன், கண்ணில் ஏதோ விழுந்திருந்தது.

சாயங்காலம் கேட்டுக்குள் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. “ஐஸ் எல்லாம் வித்தாச்சா?” என்றாள் மனைவி. பெட்டியைத் திறந்து வாழைத்தாரைக் காட்டியதும் அதற்கு மேல் விமரிசனம் இல்லை.

மறுநாள் காலையில் வீடு ரெண்டுபட்டது. நெயில் பாலிஷ் பாட்டிலைக் காணோம்! குற்றவாளி என்ற முறையில் நான் மெல்ல வண்டிப் பக்கம் நழுவினேன். போல்ட்டுகளைப் பார்த்தேன். பழைய கோட்டின் மேல் புதுசாகச் சிவப்புக் கோடுகள், கை நடுங்கிக் கொஞ்சம் கோணலாக. எட்டு போல்ட்டுக்கும் ஒன்று விடாமல்.

வராந்தாவில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் சிவப்பாக ஒரு மூடி எட்டிப் பார்த்தது.

“ஏண்டா, ராமேஸ்வரத்துக்கு எத்தனை கிலோ மீட்டர்?” என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.