பன்னிரண்டு மில்லிமீட்டர்

பினாங்கின் சூலியா தெருவில் பழைய புத்தகங்களை வாங்கி விற்கும் கடைகள் உண்டு. சுற்றுப்பயணிகள் படித்து முடித்து விற்றுச் செல்லும் நாவல்களே அங்கு மிகுதி. எப்போதாவது அவற்றுக்கிடையே புத்தகம் அல்லாத பொருளும் வந்து சேரும். மூலைகள் கிழிந்து, நிறம் மங்கி, ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்த ஓர் அட்டைப்பெட்டி அப்படித்தான் வந்தது. அதை வாங்கியவர் அதே தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இடைநிலைப்பள்ளியில் வாழ்வியல் திறன் பாடம் கற்பித்தவர். பெட்டிக்குள் இருந்தது, பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில் வெளியிட்ட ‘பிரிஸ்டல் பிளென்ஹெய்ம்’ குண்டுவீச்சு விமானத்தின் நெகிழி மாதிரி. இத்தனை ஆண்டுகளாக ஒருவரும் ஒட்டாமல் வைத்திருந்தது.

மாதிரி விமானம் ஒட்டுவதைச் சிறுவர் விளையாட்டு என்று எண்ணுவோர் பலர். பாகங்கள் எல்லாம் ஒரு நெகிழிச் சட்டத்தில், கொடியில் காய்த்த காய்களைப்போல் தொங்கும். எண்ணைப் பார்த்து வெட்டி எடுத்து, பசை தடவி ஒட்டினால் விமானம் ஆகிவிடும். ஒரே மாலையில் முடித்தும் விடலாம். ஆனால், முடித்ததை இன்னொரு மாலை உட்கார்ந்து உற்றுப் பார்ப்பவருக்குத்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

இந்த மாதிரி 72இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது. அதாவது, ஆறடி உயரமுள்ள மனிதர் இதில் ஓர் அங்குலமே இருப்பார். அசல் பிளென்ஹெய்மின் இறக்கைகள் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 17 மீட்டருக்குச் சற்று அதிகம்; மாதிரியில் அது ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். அளவு சரிதான். ஆனால், உடலெங்கும் அம்மைக் கொப்புளம்போல் ரிவெட் ஆணிகள் புடைத்து நின்றன. படிவம் நான்கில் படிக்கும் பேத்தி ஒன்றை அளந்து பார்த்தாள். ஆணியின் தலை அரை மில்லிமீட்டர் இருந்தது. அதை 72ஆல் பெருக்கிவிட்டுச் சிரித்தாள்.

“தாத்தா, 36 மில்லிமீட்டர்! ஐம்பது சென் காசைவிடப் பெரிய ஆணியை அடித்தா விமானம் செய்தார்கள்?”

அந்தக் காலத்து மாதிரிகளில் இது பொதுவான குறை. வாங்குபவர் கண்ணுக்கு விவரம் நிறைய இருப்பதாகத் தோன்ற வேண்டும் என்று ஆணிகளை அள்ளித் தெளித்துவிட்டார்கள். அவற்றை நீக்க ஒரே வழி, நுண்ணிய மணல்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பொறுமையாகத் தேய்ப்பது. உலர்ந்த தாளால் தேய்த்தால் நெகிழி கீறும். தூசியும் மூக்கில் ஏறும். இறக்கைகளைத் தேய்த்து முடிக்க இருவருக்கும் மூன்று வார இறுதிகள் பிடித்தன. உடலின் இரு பாதிகளும் பொருந்திய இடத்தில் முடி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதில் நிரப்புப் பசையை இட்டு, காயவிட்டு, தேய்த்து, மறுபடியும் இட்டார்கள். விமானி அமரும் அறைக்குள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இருக்கையின் முதுகுப்பகுதியை மெல்லிய அட்டையிலும், கருவிப் பலகையை நெகிழித் தகட்டுத் துண்டிலும் செய்து உள்ளே வைத்தார்கள்.

சின்னங்கள் அச்சிட்ட படவில்லைத் தாள் மஞ்சளித்துப் போயிருந்தது. அதை ஒரு நெகிழிப் பையில் இட்டு, வெயில்படும் சன்னல் கண்ணாடியில் ஆசிரியர் ஒட்டிவைத்தார். சூரிய ஒளி மஞ்சளை மெல்ல வெளுக்கச் செய்யும். குளிர்நாட்டு ஆர்வலர்கள் இதற்குப் பல வாரங்கள் காத்திருப்பார்களாம். சூலியா தெரு வெயிலுக்கு அவ்வளவு பொறுமை தேவைப்படவில்லை. தாள் பழையது என்பதால் தண்ணீரில் நனைத்தவுடன் நொறுங்கிவிடக்கூடும். ஆகவே, நனைப்பதற்கு முன் அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் ஒரு பூச்சு தெளித்துக்கொண்டார்கள்.

இதுவரை எல்லாம் கைவேலை. சிக்கல் மூக்கில் இருந்தது.

பெட்டியில் இருந்தது பிளென்ஹெய்மின் நான்காம் வகை. வழிகாட்டி தம் வரைபடத்தை விரித்து வைக்க இடம் வேண்டும் என்பதற்காக அதன் மூக்கை நீட்டியிருந்தார்கள். முதல் வகையின் மூக்கு குட்டையானது. உருண்டையான கண்ணாடிக் கூண்டு போன்றது. முதல் வகையின் நீளம் 12.12 மீட்டர், நான்காம் வகையின் நீளம் 12.98 மீட்டர். வேறுபாடு 86 சென்டிமீட்டர். மாதிரியின் அளவில் அது 12 மில்லிமீட்டர் ஆகும். சுண்டுவிரல் நகத்தின் அகலத்தைவிடச் சற்றே அதிகம். அந்த 12 மில்லிமீட்டரை வெட்டியெறிய வேண்டும் என்றார் ஆசிரியர்.

பேத்தி திடுக்கிட்டாள். “வெட்டிவிட்டால் மறுபடியும் ஒட்ட முடியாதே, தாத்தா! இவ்வளவு காலம் ஒருவரும் தொடாமல் வைத்திருந்த பொருள் இது.”

அவர் அவளைத் தெருவின் கிழக்கு முனையைத் தாண்டிப் படகுத்துறை வரை அழைத்துச் சென்றார். எதிரே கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த். 1941ஆம் ஆண்டில் அங்கே பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் கரையிறங்கின. மறுநாள், தாய்லாந்தின் சிங்கோராவில் ஜப்பானியர் பிடித்திருந்த விமானத்தளத்தைத் தாக்க, பட்டர்வொர்த்தில் இருந்த பிளென்ஹெய்ம்கள் புறப்பட ஆயத்தமாயின. 62ஆவது பிரிவைச் சேர்ந்த ஆர்தர் ஸ்கார்ஃபின் விமானம் முதலில் மேலெழுந்தது. அது எழுந்த அதே வேளையில் ஜப்பானிய விமானங்கள் தளத்தின்மேல் பாய்ந்தன. புறப்படக் காத்திருந்த மற்ற விமானங்கள் எல்லாம் தரையிலேயே அழிந்தன அல்லது பழுதடைந்தன.

வானத்தில் ஒரே ஒரு பிளென்ஹெய்ம். ஸ்கார்ஃப் திரும்பியிருக்கலாம், அவரை ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் தனியாகவே சிங்கோராவுக்குப் பறந்து குண்டுகளை வீசினார். திரும்பும் வழியில் எதிரி விமானங்கள் துரத்திச் சுட்டன. இடக்கை சிதைந்தது, முதுகிலும் காயம். உடன் பறந்த கால்டர், ரிச் என்ற இருவரும் அவரைச் சாயாமல் தாங்கிப் பிடித்தனர். அலோர் ஸ்டாரில் சக்கரங்களை இறக்காமல் விமானத்தின் வயிற்றால் தரையை உரசியபடி இறக்கினார். அவ்விருவருக்கும் காயமில்லை. அங்குள்ள மருத்துவமனையில் தாதியாக இருந்த ஸ்கார்ஃபின் மனைவி தம் இரத்தத்தையே கொடுத்தார். ஆயினும் அவர் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 28. பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை, போர் முடிந்தபின் 1946 ஜூன் மாதம்தான் அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவருடைய கல்லறை தைப்பிங் போர் நினைவுக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

அவர் ஓட்டியது முதல் வகை பிளென்ஹெய்ம்.

பேத்தி சற்று நேரம் அக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “அவர் வீரர்தான், தாத்தா. ஆனால், இந்தத் தெருவில் குண்டுக்குப் பயந்து ஓடிய நம் மக்களுக்கு யார் மாதிரி செய்கிறார்கள்?”

கேள்வி நியாயமானது. போர்விமான மாதிரிகளின் பெட்டிகளில் விமானிகளின் பெயர் இருக்கும்; கீழே நின்றவர்களின் பெயர் இருக்காது. டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. விமானங்களை அதற்குமுன் அவ்வளவு கூட்டமாகப் பார்த்திராத மக்கள் வேடிக்கை பார்க்கத் தெருக்களுக்கு வந்து நின்றார்கள். நகரைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை. பட்டர்வொர்த் விமானங்களோ இரண்டு நாள்களுக்கு முன்பே எரிந்துபோயிருந்தன. மாண்டவர் ஏராளம். அடுத்த சில நாள்களில் ஆங்கிலேய நிர்வாகம் ஐரோப்பியர்களை மட்டும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகத் தீவைவிட்டு வெளியேறியது. உள்ளூர் மக்களிடம் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

அப்போது நகரைப் பொறுப்பேற்றுக்கொண்டவர்களுள் ஒருவர் தமிழர். இலங்கையில் பிறந்த மாணிக்கசோதி சரவணமுத்து, ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியர். எல்லா இனத்தவரும் சேர்ந்து அமைத்த சேவைக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். கோர்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் பறந்துகொண்டிருந்த ஆங்கிலேயக் கொடியை இறக்கினார். படையினர் போய்விட்டனர், இனிக் குண்டு வீச வேண்டாம் என்ற செய்தி வானொலி வழியாக அனுப்பப்பட்டது. 19ஆம் தேதி ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர். போர் விமானம் எதையும் ஓட்டாத அவர் எந்த மாதிரிப் பெட்டியிலும் இடம்பெறவில்லை.

“மூக்கை வெட்டினால்தான் இது அந்த 9ஆம் தேதி பட்டர்வொர்த்திலிருந்து கிளம்பிய விமானம் ஆகும். வெட்டாவிட்டால் வேறெங்கோ பறந்த விமானம். நம் தெருவுக்கும் இதற்கும் தொடர்பு இருக்காது. நீயே முடிவு செய், அம்மா,” என்றார் ஆசிரியர்.

ஒரு வாரம் கழித்து, மெல்லிய பல் ரம்பத்தை அவளே எடுத்தாள்.

வெட்டுவது ஐந்து நிமிட வேலை. புதிய மூக்கைச் செய்வதுதான் பெரும்பாடு. முதலில் மென்மையான மரத்துண்டை அரத்தால் இழைத்து, மூக்கின் வடிவத்தை அச்சாகச் செய்தார்கள். அச்சு அசலைவிட மயிரிழை சிறியதாக இருக்க வேண்டும். மேலே படியும் நெகிழியின் தடிமனையும் கணக்கில் கொள்ளவேண்டும் அல்லவா? பிறகு, கேக் பெட்டியின் தெளிந்த மூடியை ஒரு மரச்சட்டத்தில் இறுக்கி, அடுப்பின் சூட்டில் காட்டி, அது தொய்யும் கணத்தில் அச்சின்மேல் அழுத்தினார்கள். முதல் முறை நெகிழி கிழிந்தது. இரண்டாம் முறை பால்போல் வெளுத்தது. மூன்றாம் முறை குமிழி விட்டது. நான்காவது முறை வந்த கூண்டு கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. அதன் சட்டங்களை நூலளவு ஒட்டுத்தாள் பட்டைகளுக்கு வண்ணம் பூசி ஒட்டினார்கள். அந்த வேலைக்கு ஆசிரியரின் கை நடுங்கியதால் பேத்தியே முழுவதையும் செய்தாள்.

சக்கரங்களை உள்ளே மடக்கி ஒட்டினார்கள். காற்றாடிகளின் இதழ்களை நீக்கிவிட்டு, சுழல்வதுபோல் தோன்ற வட்டமான தெளிதகட்டைப் பொருத்தினார்கள். வாலருகே எல் 1134 என்ற எண்ணைப் பேத்தி சொந்தமாக எழுதினாள். பெட்டியில் வந்த எண் வேறு விமானத்துடையது. வெட்டிய மூக்கு எறியப்படவில்லை. அது ஒரு தீப்பெட்டிக்குள் தேதியுடன் இருக்கிறது.

விமானம் சன்னலருகே நைலான் நூலில் தொங்கத் தொடங்கிய மாலையே, பேத்தி எஞ்சிய நெகிழிச் சட்டத்தின் துண்டொன்றை எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினாள். இளகியதும் இரு முனைகளையும் பிடித்து மெல்ல இழுத்தாள். இப்படி இழுத்தால் தலைமுடி அளவுக்குக்கூட நீளும். விமானங்களுக்கு வானொலிக் கம்பி செய்யும் முறை அது. அவள் ஈர்க்குச்சியின் தடிமனிலேயே நிறுத்திக்கொண்டாள். உதிரிப் பெட்டியில் கிடந்த ஓர் அங்குல மனித உருவத்தின் தலைக்கவசத்தை அரத்தால் உரசி எடுத்துவிட்டு, சட்டையும் கால்சட்டையும் தெரியும்படி வண்ணம் தீட்டினாள். தேநீர்ப் பையின் மெல்லிய தாள் கொடியாயிற்று. அது கம்பத்தின் உச்சியில் இல்லை, பாதி இறங்கியிருந்தது.

“இதை விமானத்துக்கு நேர் கீழே வைத்துவிடலாமா?” என்று கேட்டார் ஆசிரியர்.

“வேண்டாம், தாத்தா. கொடி இறங்கியபோது மேலே இந்த விமானம் இல்லையே. வேறு தட்டில் இருக்கட்டும்,” என்றாள் அவள்.