அக்கரை

கல்லூரியில் படித்த நாளில், பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா' நாவலை ஒரே இரவில் வாசித்து முடித்தேன். ரத்தம் குடிக்கும் அந்தப் பிரபுவைவிட, அவனுடைய கோட்டை இருந்த பிரதேசத்தின் பெயர்தான் என்னை அதிகம் மிரட்டியது. டிரான்ஸில்வேனியா! கதைக்காகக் கட்டிய பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

வாஸ்தவமாகவே அப்படி ஒரு சீமை உண்டு. கார்ப்பேதிய மலைகள் வளைத்து நிற்கும் பூமி. இன்று ருமேனியாவைச் சேர்ந்தது. பெயரிலும் பயங்கரம் ஒன்றும் இல்லை. 'காட்டுக்கு அப்பால்' என்று லத்தீனில் அர்த்தம், அவ்வளவுதான்.

அப்பால் என்றால், யாருக்கு அப்பால்? மேற்கே சமவெளியில் இருந்த ஹங்கேரியருக்கு. அவர்கள் பாஷையில் அதற்கு 'எர்தேய்' என்று பெயர். அதற்கும் காட்டுக்கு அப்பால் என்பதே பொருள். அந்தச் சொல்தான் ருமேனியர் வாயில் 'ஆர்தியால்' ஆயிற்று என்பது மொழியறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. 12-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி ராஜா அழைத்துக் குடியேறிய ஜெர்மானியர் மட்டும் வேறு மாதிரி, 'ஸீபன்பூர்கன்' என்றார்கள். ஏழு கோட்டை என்று அர்த்தம். போலந்துக்காரர் வைத்த பெயரிலும் அந்த ஏழு இருக்கிறது.

1920-இல் டிரியனான் உடன்படிக்கைப்படி அந்தச் சீமை ஹங்கேரியின் கையை விட்டுப் போயிற்று. எல்லை மாறியது, கொடி மாறியது. பெயர் மாறவில்லை. காட்டுக்கு இப்பால் பிறந்து, அங்கேயே வாழ்ந்து மடிகிறவனும் தன்னை 'அப்பாலான்' என்றே சொல்லிக்கொள்கிறான்.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாயி ஞாபகம் வந்தது. கொள்ளிடத்துக்கு வடகரையில் பிறந்து தென்கரையில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் 'அக்கரைக்காரி'. சோற்றில் உப்புக் கூடினால், "அக்கரைக்காரி கைப்பக்குவம்!" ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கடைசியில் அவளே வாசலில் நின்று, "நான் அக்கரைக்காரி வந்திருக்கேன்" என்று குரல் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு தடவை என்னைத் தன் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனாள். வடகரையில் இறங்கியதும், "அப்பாயி, இதுதானே அக்கரை?" என்று கேட்டேன்.

அப்பாயி மணலில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்த் தென்னந்தோப்பு சின்னதாகத் தெரிந்தது.

"இது என் ஊருடா. அதோ தெரியுதே, அதுதான் அக்கரை" என்றாள்.

சாயங்காலம் திரும்பி வந்தோம். திண்ணையிலிருந்து யாரோ, "அக்கரைக்காரி வந்தாச்சு" என்றார்கள். "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, அப்பாயி அடுப்பு மூட்ட உள்ளே போனாள்.