டயர் அளவை மாற்றுவதன் கணக்கும் கைவேலையும்

டயரின் சைடுவாலில் 215/60 ஆர்16 95எச் என்று இருந்தால், அதன் அகலம் 215 மில்லிமீட்டர். சைடுவாலின் உயரம் அகலத்தில் 60 விழுக்காடு, அதாவது 129 மி.மீ. ஆர் என்பது ரேடியல் டயரையும், 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டத்தையும் குறிக்கும். 95 என்றால் ஒரு டயர் 690 கிலோ வரை தாங்கும்; எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை தாங்கும்.

தமிழகத்தின் ரப்பர் விளைச்சலில் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தினுடையது. அங்கே கீரிப்பாறை, குலசேகரம், கோதையாறு பக்கத்து ரப்பர் எஸ்டேட் பாதைகளில் ஓடும் சிறு எஸ்யூவிகளுக்குத் தரையிலிருந்து இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டும் என்று கேட்டுவருவோர் உண்டு. தோற்றத்துக்காக அகல டயர் கேட்போரும் உண்டு. நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் இதற்கு ‘அப்சைஸ்’ என்று பெயர். வண்டியோடு வந்தது ‘கம்பெனி சைஸ்’.

முதலில் கணக்கு. ரிம்மின் விட்டத்தோடு சைடுவால் உயரத்தின் இருமடங்கைக் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் கிடைக்கும். 215/60 ஆர்16-க்கு அது 664 மி.மீ. அதே ரிம்மில் 215/65 போட்டால் 686 மி.மீ. ஆகும். விட்டம் 22 மி.மீ. கூடினாலும் வண்டி உயர்வது அதில் பாதியே, 11 மி.மீ. வேகமானியும் பிசகும்: முன்பு சரியாக இருந்த மீட்டர் 80 காட்டும்போது வண்டி 82 கி.மீ.க்கு மேல் போகும். விட்ட வேறுபாடு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு; இந்த மாற்றம் அதைச் சற்றே தாண்டுகிறது.

வண்டிக் கம்பெனியே ஒரே மாடலின் கீழ், மேல் வகைகளுக்கு இரு அளவுகளைத் தருவதும் உண்டு. 2016-இல் வந்த விட்டாரா பிரெஸ்ஸா எஸ்யூவியின் 205/60 ஆர்16-க்கும் 215/60 ஆர்16-க்கும் இடையே 12 மி.மீ.தான் வேறுபாடு. 2019-இல் வந்த வென்யூ எஸ்யூவியின் 195/65 ஆர்15-க்கும் 215/60 ஆர்16-க்கும் இடையே 30 மி.மீ., அதாவது ஏறத்தாழ 4.7 விழுக்காடு. ஆகவே மேல் வகையில் இருக்கும் அளவு என்பதாலேயே கீழ் வகைக்கும் அது பொருந்திவிடாது. ரிம்மின் அகலம் புது டயருக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும்; சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது.

அடுத்தது கைவேலை. காற்றை இறக்கி, மெஷினால் டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கிறார்கள். குளச்சல் போன்ற கடலோர ஊர்களின் வண்டிகளில் அலாய் ரிம்மின் விளிம்பு உப்புக் காற்றில் அரித்து வெள்ளைப் பொடி படிந்திருப்பதுண்டு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து அதை நீக்காவிட்டால் டியூப்லெஸ் டயரில் காற்று மெல்லக் கசியும். வால்வை மாற்றி, விளிம்பில் சோப்புக் குழம்பு தடவி, டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றுகிறார்கள். காற்றேறும்போது இரு பக்க விளிம்பும் ‘டப்’பென்று ஒலித்து ரிம்மில் அமரும். பேலன்சிங் மெஷின் காட்டும் இடத்தில் கிராம் கணக்கில் வெயிட் ஒட்டப்படும்.

சக்கரத்தை மாட்டியபின், ஸ்டியரிங்கை இரு புறமும் முழுதாக ஒடித்து, உள்பக்கம் ஷாக் அப்சார்பரிலும் வெளியே மட்கார்டிலும் டயர் உரசுகிறதா என்று விரலை விட்டுப் பார்க்கிறார்கள். காலி வண்டியில் உரசாதது, ஆள் நிறைந்து கோதையாறு மலைப்பாதை வளைவில் திரும்பும்போது உரசலாம். வீல் அலைன்மென்ட் கடைசி வேலை.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. டயரின் மேற்பரப்பில் உள்ள பட்டன்களின் ஆழம் ஒன்றாக இருந்தால், தேங்கிய நீரில் அகல டயரே முதலில் பிடிப்பை இழந்து மிதக்கும். பட்டன் 1.6 மி.மீ. ஆழத்துக்குத் தேய்ந்ததும் டயரை மாற்றியாக வேண்டும். அகல டயருக்கு அதுவரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுவது நல்லது.

ஓர் அச்சின் இரு பக்கமும் ஒரே அளவு டயர் இருக்க வேண்டும். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், அதை பஞ்சர் கடை வரை மெதுவாக ஓட்டிச் செல்ல மட்டுமே பயன்படுத்தலாம்.